ஒரு கம்பியும் சில துணித் துண்டுகளும்

சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் வசிக்கும் எனது ஊரவர் ஒருவர் சில வாரங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்தார். ஊர்ப் புதினம் கேட்பதற்காகத்தான் அழைக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ வேறு.

"அண்ணை, பெடியன் ஆமியிலை ட்ரெயினிங் முடிச்சுத் துவக்கை வீட்டுக்குக் கொண்டு வந்திட்டான். அதைத் துடைக்கிறதுக்குக் கடையிலை ஒரு பெட்டி பார்த்தனான். முப்பத்தொரு சாமான் இருக்காம். வாங்கிக் குடுக்கட்டோ?"

நான் பதில் சொல்வதற்கு முன்னரே பின்னால் அவருடைய மனைவியின் குரல் கேட்டது. "துவக்குக்குப் பயந்துதானே அண்ணை நாங்கள் இங்கை ஓடி வந்தனாங்கள். இப்ப அது அலுமாரிக்குள்ளை இருக்குது."

கணவர் கேட்டது கருவிகளைப் பற்றி. மனைவி சொன்னது வாழ்க்கையைப் பற்றி. இரண்டுக்கும் அன்று என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. அதனாலேயே இந்தப் பத்தி.

முதலில் அந்த நாட்டின் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். சுவிற்சர்லாந்தின் இராணுவம் பெரும்பாலும் குடிமக்கள் படையாகும். ஆண் பிரஜைகளுக்கு இராணுவ சேவை கடமையாக்கப்பட்டுள்ளது. அடிப்படைப் பயிற்சியை முடித்த சிப்பாய், சேவைக் காலம் முடியும் வரையில் தனது றைபிளை வீட்டிலேயே வைத்திருக்கும் வழக்கம் அங்கு நெடுங்காலமாக உண்டு. இன்று அது 5.6 மில்லிமீற்றர் குழலுடைய 90 ஆம் இலக்கத் தாக்குதல் றைபிள். வருடந்தோறும் 300 மீற்றர் தூரத்து இலக்கை நோக்கி 20 வேட்டுகள் சுடும் கட்டாயப் பயிற்சியும் உண்டு. முன்னர் முத்திரையிட்ட பெட்டியில் ரவைகளையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். 2007 ஆம் ஆண்டு அந்த வழக்கத்தைக் கைவிடத் தீர்மானித்தார்கள். துப்பாக்கியையும் வீட்டில் வைக்கக்கூடாது, இராணுவக் களஞ்சியத்திலேயே வைக்க வேண்டும் என்ற யோசனை 2011 பெப்ரவரியில் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. வாக்களித்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் அதனை நிராகரித்தார்கள். ஆகவே துவக்கு வீட்டிலேயே இருக்கிறது. எமது மக்களின் இரண்டாந் தலைமுறையினர் அந்நாட்டுப் பிரஜைகளாகி விட்டதனால், அது இப்பொழுது எமது வீடுகளிலும் இருக்கிறது.

துப்பாக்கிகளின் மீது எனக்குப் பிரியம் கிடையாது. அவை செய்தவற்றை எழுதியே எனது தொழில் வாழ்க்கையின் பெரும் பகுதி கழிந்தது. ஆனால் ஒரு பொருளை வெறுப்பதும் அதனைப் பற்றி அறியாமலிருப்பதும் ஒன்றல்ல. வீட்டுக்குள் வந்துவிட்ட பொருளைப் பற்றி அறியாமலிருப்பது எந்த வகையிலும் அகிம்சை ஆகாது.

எமது நாட்டில் சோதனைச் சாவடிகளின் முன்னால் வரிசையில் நின்றவர்கள் அனைவருக்கும் ரி-56 துப்பாக்கியின் தோற்றம் நன்கு பழக்கமானது. அதன் குழலுக்குக் கீழே மெல்லியதொரு இரும்புக் கம்பி செருகப்பட்டிருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பவனுக்குக் கம்பியைப் பார்க்கும் மனநிலை இருக்காது என்பது உண்மைதான். அந்தக் கம்பிதான் துப்பாக்கியின் துப்புரவுக் கம்பி. பிரஷ்ஷும் சிறு உபகரணங்களும் அடங்கிய குப்பி, மரப் பிடியின் பின்புறத்துத் துவாரத்துக்குள் இருக்கும். ஏ.கே.47 வகையினை வடிவமைத்தவர்கள், துப்பாக்கி எங்கு போகிறதோ அங்கு அதனைத் துடைக்கும் கருவியும் போகவேண்டும் என்று தீர்மானித்திருந்தார்கள். அதற்கு முன்னர் இங்கு பொலிஸாரிடமும் படையினரிடமும் இருந்த .303 லீ-என்ஃபீல்ட் றைபிளிலும் இதே ஏற்பாடுதான். பிடியின் அடியிலுள்ள சிறு பித்தளைக் கதவைத் திறந்தால் உள்ளே எண்ணெய்க் குப்பியும், நுனியில் பாரம் கட்டிய நூற்கயிறும் இருக்கும். கயிற்றின் பாரத்தைக் குழலுக்குள் இறக்கி, மறுமுனையில் துணியைச் செருகி, ஒரே இழுப்பில் இழுத்தெடுப்பார்கள்.

இந்தச் சிறு கம்பியின் பெறுமதி என்னவென்பதை உலகத்தின் மிகப் பெரிய வல்லரசு அறுபதுகளில் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்துக்கான விலையைச் செலுத்தியவர்கள் பத்தொன்பது, இருபது வயது இளைஞர்கள்.

யூஜின் ஸ்டோனர் என்ற பொறியியலாளரும் அவரது சகாக்களும் ஆர்மலைற் நிறுவனத்தில் வடிவமைத்த ஏ.ஆர்.15 றைபிளே பின்னர் எம்-16 என்ற பெயரைப் பெற்றது. 1963 இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் ரொபர்ட் மக்நமாராவின் காலத்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான துப்பாக்கிகளுக்குக் கட்டளை கொடுக்கப்பட்டது. பாரம் குறைந்த, புதுமையான ஆயுதம். அதற்குப் பராமரிப்பு அதிகம் தேவைப்படாது என்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்தே பரவியது. அந்த எண்ணம் எவ்வளவு வசதியானது என்பதைப் பாருங்கள். துடைக்கத் தேவையில்லாத துப்பாக்கிக்குக் கம்பி வாங்கத் தேவையில்லை. பிரஷ் வாங்கத் தேவையில்லை. பயிற்சி கொடுக்கத் தேவையில்லை.

இதற்கிடையில் ரவைகளில் நிரப்பும் வெடிமருந்தை மாற்றினார்கள். வடிவமைப்பாளர் எந்த மருந்தைக் கொண்டு பரீட்சித்தாரோ அதற்குப் பதிலாக வேறொரு வகை மருந்து வந்தது. அதனால் துப்பாக்கி முன்னரிலும் வேகமாக இயங்கியது. கசடும் அதிகமாகப் படிந்தது. ரவை தங்கும் அறைக்குக் குரோமியப் பூச்சு கொடுக்கப்படவில்லை. வியட்நாமின் ஈரக் காற்றில் அந்த அறை துருப்பிடித்துக் குழிவிழுந்தது. சுட்டு முடிந்த வெற்றுக் கோது வெளியே வராமல் உள்ளே சிக்கிக்கொண்டது. சிக்கிய கோதை வெளியேற்றுவதற்கு ஒரே வழி, குழலின் வாய்ப்புறத்திலிருந்து ஒரு கம்பியை விட்டு இடித்துத் தள்ளுவது. அந்தக் கம்பிதான் பலரிடம் இல்லை. பழைய 7.62 மில்லிமீற்றர் றைபிளுக்குரிய கம்பியும் பிரஷ்ஷும் 5.56 மில்லிமீற்றர் குழலுக்குள் நுழையாது.

1967 இன் முற்பகுதியில் கடற்படைத் தரைப்படையினருக்கு இந்தத் துப்பாக்கி வழங்கப்பட்டது. அவ்வருடம் ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் கே சான் பகுதியின் குன்றுகளில் கடும் சமர் நடந்தது. சிக்கிப்போன துப்பாக்கிகளுடன் இறந்து கிடந்த தோழர்களைப் பற்றிச் சிப்பாய்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். துப்புரவுக் கம்பியும் எண்ணெயும் தபாலில் அனுப்பி வைக்குமாறு பெற்றோரைக் கேட்ட கடிதங்களும் இருந்தன. அவ்வாறானதொரு சிப்பாயின் கடிதம் நியூ ஜேர்சி மாநிலப் பத்திரிகையொன்றில் வெளியாகிப் பிரதிநிதிகள் சபை வரையில் சென்றது. அம்மாதமே ரிச்சர்ட் ஐக்கோர்ட் என்ற உறுப்பினரின் தலைமையில் உபகுழு ஒன்று விசாரணையை ஆரம்பித்தது. ஒக்டோபரில் வெளியான அதன் அறிக்கை, குறைகளைத் தீர்க்கும் அதிகாரம் இருந்தும் தீர்க்காமலிருந்தவர்களின் செயலைக் குற்றவியல் அலட்சியத்தின் எல்லையைத் தொடுவதாக வர்ணித்தது.

அதுவரையில் அதிகாரிகளின் பதில் என்னவாக இருந்தது தெரியுமா? சிப்பாய் துப்பாக்கியை ஒழுங்காகத் துடைக்கவில்லை என்பதுதான். கம்பியைக் கொடுக்கவில்லை, கற்றும் கொடுக்கவில்லை, துடைக்கவில்லை என்ற பழியை மாத்திரம் கொடுத்தார்கள். எந்த நாட்டு நிர்வாகத்திலும் இந்த வழக்கத்தைக் காணலாம். பெரிய கட்டடத்தைத் திறந்து வைப்பார்கள், தண்ணீர்க் குழாயைத் திருத்துவதற்கு ஆள் இருக்காது. இயந்திரம் வரும், உதிரிப்பாகம் வராது. பழுதடைந்ததும் பாவித்தவனே குற்றவாளி. பராமரிப்பு என்பது திறப்பு விழாவுக்கு உதவாத வேலை. ஆகவே அதற்கு நிதியும் கிடையாது, நாடாவும் கிடையாது.

அதன் பின்னர் ரவையறைக்குக் குரோமியம் பூசினார்கள். துப்புரவு உபகரணங்களை வழங்கினார்கள். 1968 இல் சித்திரக்கதை ஓவியர் வில் ஐஸ்னரைக் கொண்டு துப்பாக்கிப் பராமரிப்பைப் படக்கதையாக வரைவித்து 32 பக்கங்களில் சிறு கைந்நூல் ஒன்றை வெளியிட்டார்கள். காலப்போக்கில் பிடிக்குள் உபகரணங்களை வைப்பதற்கு ஓர் அறையும் வந்தது. லீ-என்ஃபீல்டில் அரை நூற்றாண்டுக்கு முன்னரே இருந்த அதே அறை.

இதிலிருந்து, கருவிகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று எவரும் முடிவு செய்து விடக்கூடாது. எனது நண்பர் கடையில் கண்ட முப்பத்தொரு சாமான் பெட்டி அப்படியான முடிவின் விளைவே. நான் சொல்ல விரும்புவது அதற்கு நேரெதிரானது. வேண்டியவை மிகச் சில. அவை சரியானவையாக இருக்க வேண்டும். பிழையான கருவி, கருவியே இல்லாததிலும் பார்க்கக் கெடுதியானது.

இதற்கும் லீ-என்ஃபீல்டே சாட்சி. மேலே சொன்ன நூற்கயிறு வெறும் நூல்தானே, உருக்கை என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் மண்ணும் தூசும் ஒட்டிய கயிற்றை ஒரே பக்கமாகச் சாய்த்து இழுத்து இழுத்தே குழலின் வாய் ஒரு பக்கம் தேய்ந்துபோன துப்பாக்கிகள் ஏராளம். கிணற்றுக் கல்லில் கயிறு தடம் பதிப்பதைக் கண்டு வளர்ந்த எமக்கு இது புதினமல்ல. ரவை கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் குழலின் வாய் விளிம்பு. அந்த விளிம்பு தேய்ந்தால் குறி தவறும். வருடக்கணக்காகச் சுட்டதனால் கெட்ட குழல்களைப் போலவே, ஆர்வமாகத் துடைத்ததனால் கெட்ட குழல்களும் உண்டு.

ஆகவே, வீட்டில் சொந்தமாக வேட்டை றைபிள் வைத்திருக்கும் ஒருவர் வாங்க வேண்டியவை எவை?

முதலாவது, துப்புரவுக் கம்பி. துண்டு துண்டாகப் பூட்டும் மலிவான கம்பிகளைத் தவிர்ப்பது நல்லது. பூட்டுகள் சந்திக்கும் இடத்தில் விளிம்பு உயர்ந்து குழலை உரசும், அழுத்தும்போது வளையும். ஒரே துண்டாலான, குழலின் அளவுக்கு ஏற்ற, கைப்பிடி சுழலக்கூடிய கம்பியே சிறந்தது. குழலுக்குள் இருக்கும் முறுக்குத் தடங்களுக்கு ஏற்பத் துணியும் சுழல வேண்டும் என்பதே கைப்பிடி சுழல்வதன் காரணம். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியானால் ஒவ்வொரு முறையும் அதனைத் துடைத்துவிட்டே உள்ளே விடவேண்டும். இல்லையேல் அதில் ஒட்டிய தூசு அரமாகிவிடும்.

இரண்டாவது, கம்பியை நேராகச் செலுத்துவதற்கு ரவையறைப் பக்கத்தில் பொருத்தும் வழிகாட்டிக் குழாய். விலை குறைவு, பயன் அதிகம். கூடுமானவரையில் பின்புறத்திலிருந்தே துடைக்க வேண்டும். வாய்ப்புறத்திலிருந்துதான் முடியும் என்ற வகைத் துப்பாக்கியானால் வாய் விளிம்பில் கம்பி உரசாமலிருக்க அதற்கேற்ற காப்பு வேண்டும்.

மூன்றாவது, குழலின் அளவுக்குரிய வெண்கலப் பிரஷ் ஒன்றும், துணித் துண்டைப் பிடித்துச் செல்லும் பித்தளை முனை ஒன்றும். உருக்குக் கம்பியாலான பிரஷ்ஷைக் குழலுக்குள் விடவே கூடாது. வெளிப்பாகங்களுக்குப் பழைய பல் தூரிகை போதும்.

நான்காவது, பருத்தித் துணித் துண்டுகள். கடையில் வெட்டி விற்பதை வாங்கலாம். பழைய பெனியனை வெட்டியும் பாவிக்கலாம். துவக்குக்குத் தெரியப்போவதில்லை.

ஐந்தாவது, கசடு கரைக்கும் திரவமும் எண்ணெயும். இவை இரண்டும் வெவ்வேறு வேலைக்குரியவை. கரைப்பான் கரைக்கும், எண்ணெய் காக்கும். குழலில் படியும் செம்பைக் கரைக்கும் திரவங்கள் சிலவற்றில் அமோனியா உண்டு. யன்னலைத் திறந்து வைத்துப் பாவிக்க வேண்டும், போத்தலில் குறித்த நேரத்துக்கு மேல் குழலுக்குள் விட்டு வைக்கக் கூடாது. அதே திரவம் பித்தளை முனையையும் கரைத்துத் துணியில் நீலநிறம் காட்டும். இன்னும் அழுக்கு இருக்கிறது என்று நினைத்து மணிக்கணக்காகத் தேய்ப்பவர்கள் உண்டு. எண்ணெயோ மிகச் சிறிதே போதும். குழலுக்குள் எண்ணெயைத் தேங்க விட்டுச் சுடுவது ஆபத்து. மரப் பிடிக்குள் வழிந்தால் மரம் ஊறி மிருதுவாகிவிடும்.

பழைய இராணுவ ரவைகளைப் பாவிப்பவர்களுக்கு ஒரு விசேட குறிப்பு. அவற்றின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேற் இருந்தால், சுட்ட பின்னர் குழலுக்குள் ஒருவகை உப்பு மீதமிருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீரே கரைக்கும். அதனாலேதான் பிரித்தானியச் சிப்பாய்கள் கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றிக் கழுவினார்கள். உருக்கின் மீது தண்ணீரா என்று பதறத் தேவையில்லை. கழுவியதும் நன்றாக உலர்த்தி எண்ணெய் பூசினால் போதும்.

ஆறாவது, திருகாணிகளுக்குரிய திருப்புளி. வீட்டுத் திருப்புளியின் நுனி ஆப்புப் போலச் சரிவாக இருக்கும். துப்பாக்கித் திருகாணியின் வெட்டுக்குள் அது முழுமையாக உட்காராமல் நழுவித் திருகாணியையும் கெடுக்கும், பிடியையும் கீறும். இதற்கெனப் பக்கங்கள் சமாந்தரமாகத் தீட்டப்பட்ட நுனிகள் உண்டு. தேவையான அளவில் இரண்டோ மூன்றோ போதும்.

இவ்வளவுதான். ஒரு சிறிய தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். விசை இயங்கும் பொறிமுறையைக் கழற்றும் கருவிகளும், ரவையறையின் இடைவெளியைத் திருத்தும் கருவிகளும் வீட்டுக்கு உரியவையல்ல. அவை தொழில் தெரிந்த துவக்குத் திருத்துநரின் மேசைக்கு உரியவை. தன்னால் எதைச் செய்ய முடியாது என்று அறிந்து வைத்திருப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

இவை அனைத்துக்கும் முன்னால் வருவது காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று. துப்பாக்கியைக் கையிலெடுத்ததும் வாயைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, ரவைக் கூட்டைக் கழற்றி, ரவையறையைத் திறந்து, கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி, உள்ளே எதுவுமில்லை என்று உறுதி செய்யும் பழக்கம். "வெறுமையான" துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்து இறந்தவர்களின் செய்தி எந்தப் பத்திரிகைக் காரியாலயத்துக்கும் புதிதல்ல. துடைக்கும் மேசையில் ரவை ஒன்றேனும் இருக்கக் கூடாது. அந்த மேசை சாப்பாட்டு மேசையாகவும் இருக்கக் கூடாது. கசட்டில் ஈயம் உண்டு. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும்.

துப்பாக்கியைப் பேணுவது எப்படி என்று எழுதுவது துப்பாக்கிப் பண்பாட்டை வளர்ப்பதாகாதா என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. துருவேறிய துவக்கு சாதுவான துவக்கு ஆகாது என்பதே எனது பதில். எமது நாட்டில் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்றுப் பயிர்க் காவலுக்கு வைத்திருக்கும் வேட்டைத் துவக்காயினும், பேர்ண் நகரத்து அலுமாரிக்குள் இருக்கும் இராணுவ றைபிளாயினும், அடைபட்ட குழலும் துருப்பிடித்த பூட்டும் முதலில் காயப்படுத்துவது அதனைப் பிடித்திருப்பவரையும் அருகில் நிற்பவரையும்தான். துப்பாக்கி வேண்டாம் என்று வாதாடுவதற்கு எனக்கு எல்லா நியாயமும் உண்டு. இருக்கும் துப்பாக்கி கவனிப்பாரற்றுக் கிடக்கட்டும் என்று சொல்வதற்கு ஒரு நியாயமும் இல்லை.

மறுநாள் நண்பரை நானே அழைத்தேன். முப்பத்தொரு சாமான் பெட்டியை வாங்க வேண்டாம் என்றேன். இராணுவத் துப்பாக்கிக்கு இராணுவம் கொடுத்த துப்புரவுப் பொருட்களும் கிரீஸும் போதும். அவர்கள் கற்றுக்கொடுத்த முறையே முறை. கடைத் திரவங்களையும் கடைக் கம்பிகளையும் அதில் பரீட்சிக்கத் தேவையில்லை. பையன் போல்ற்றைக் கழற்றி வேறோர் இடத்தில் பூட்டி வைக்கட்டும், திறப்பு அவனிடம் மாத்திரம் இருக்கட்டும் என்றேன்.

பின்னர் அவருடைய மனைவியிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னேன். துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க விருப்பமில்லாத சிப்பாய், கட்டணமெதுவுமின்றி அதனை இராணுவக் களஞ்சியத்தில் ஒப்படைத்து வைக்கும் வசதி 2010 ஆம் ஆண்டிலிருந்து அங்கு உண்டு என்பதைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. சற்று நேரம் பேசாமலிருந்தார்.

"அவனிட்டைக் கேட்டுப் பாக்கிறன் அண்ணை. அவன் மாட்டன் எண்டால், துடைக்கேக்கை என்னையும் பக்கத்திலை இருத்தி, உள்ளுக்கு ஒண்டும் இல்லை எண்டு காட்டச் சொல்லுறன்" என்றார்.

மகன் என்ன முடிவெடுத்தான் என்பதை நான் இன்னும் விசாரிக்கவில்லை. எதுவாயினும், அந்த வீட்டில் துவக்கைப் பற்றித் தாயும் மகனும் முதன்முறையாகப் பேசியிருப்பார்கள். நான் பட்டியலிட்ட ஆறு சாமான்களிலும் பார்க்க அது அவசியமானது.